காலேஜுக்கு வாசித்த ஓலை

1938-ஆம் வருஷம் வைகாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு திண்டிவனத்தில் எங்கள் தெருக் கீற்றுக் கோவிலில் உட்கார்ந்திருந்தவர்கள்:

பீடத்துக்கு ஓரமாக, கோவிலில் இருந்த ஒரே நாற்காலியில், சாமியார். பிரான்சு தேசத்தில் பிறந்தவர், தமிழைப் புஸ்தகம் வைத்துப் படித்தவர். அவருக்கு வலக்கைப் பக்கம் முக்காலியில் உபதேசியார். சாமியார் வராத நாட்களில் ஜெபம் சொல்லி வைப்பதும், பிள்ளைகளுக்கு ஞானபாடம் சொல்லித் தருவதும், கோவிலில் அறிக்கை வாசிப்பதும் அவர் வேலை. கிழக்குப் பக்கத்துப் பாய்களில் ஆண்கள். மேற்குப் பக்கத்தில் பெண்கள். அதில் முன்னால் அம்மணியம்மாள், அவள் முதுகுக்குப் பின்னால் பாதி மறைந்துகொண்டு அவள் மகள் இருதயமேரி. நடுத்தூணில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு பூமாலை. மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிறவள், வாய் சும்மா இருக்காது. வாசற்படி ஓரம், காகிதமும் மைக்கூடும் வைத்துக்கொண்டு நான். பெயர் அந்தோணிசாமி. அதே மண்டியில் எழுத்து வேலை என்பதால் தெருவில் எனக்கு ரைட்டர் என்று பெயர்.

வந்திருக்க வேண்டியவர் ஒருவர் இல்லை. இருதயமேரியின் தகப்பன் மாசிலாமணி. விழுப்புரம் ஜங்ஷனில் என்ஜினுக்குக் கரி அள்ளுகிறார். அந்த ஞாயிறு அவருக்கு ஷெட்டில் வேலை.

கூட்டம் எதற்கென்றால், பானைக்காக. எங்கள் தெருவில் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துக் கோவில் பானையில் போடுவது வழக்கம். பிடியரிசி என்று பெயர், ஆனால் விழுவது அநேகமாய்க் கேப்பைதான். முந்திய வருஷம் அந்தப் பானையைத்தான் நம்பி இருதயமேரியைத் தெற்கே ஒரு காலேஜுக்கு அனுப்பினோம். டாக்டர் ஆகி வரட்டும் என்று அனுப்பினோம். கழுத்தில் ஜெபமாலை போட்டு, தகரப் பெட்டியைத் தலையில் தூக்கி, தெருவே ஸ்டேஷன் வரை போய் வழியனுப்பியது.

"நீயே சொல், மகளே" என்றார் சாமியார்.

இருதயமேரி எழுந்தாள். தாயின் முந்தானையை விடவில்லை.

"சாமி, நான் படிக்கிற எடத்துல சரித்திரம், தர்க்க சாஸ்திரம், இங்கிலீஷ் இதுதான் இருக்குது. இத்தெ முடிச்சா டீச்சராவலாம். டாக்டருக்குப் போவ முடியாது. அதுக்கு இப்பவே பிராணி, செடி, ரசாயனம் எல்லாம் எடுத்திருக்கணும். பட்டணத்துல பெண்கள் காலேஜ்ல இருக்குது. எழுதிக் கேட்டேன். எடம் தர்றேன்னாங்க." தாயைத் திரும்பிப் பார்த்தாள். "ஆனா மொத வருஷத்துலேருந்து மறுபடியும்."

"அப்போ ஒரு வருசம் போட்ட கேப்பை?" என்றாள் பூமாலை தூணிலிருந்து. "சரித்திரமா பூட்டுதா?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மணியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. காலேஜ் என்றால் ஒரே காலேஜ் என்றுதான் எங்கள் தெரு முழுக்க நினைத்திருந்தது. ஏறி உட்கார்ந்தால் போதும், ஆகவேண்டியது ஆகிவிடும் என்று இருந்தோம். உள்ளே போகும் வாசலிலேயே வழிகள் பிரிகின்றன என்பது சாமியாருக்கும் தோன்றவில்லை, அவர் படித்ததெல்லாம் வேதசாஸ்திரம்.

சென்னைப் பட்டணத்துக் காலேஜின் தலைவியம்மாள் ஒரு நிபந்தனை எழுதியிருந்தார். படிப்பு முடியும்வரை தாங்குவோம் என்று எங்கள் கோவில் பங்கிலிருந்து ஆனி பிறப்பதற்குள் கடிதம் வர வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்கு.

சாமியார் மோவாய்த் தாடியை இழுத்துவிட்டுக்கொண்டார். "பானை உங்களுடையது. நான் கட்டளையிட மாட்டேன். மூன்று ஞாயிறு ஜனங்களுக்கு அறிவியுங்கள். தடை சொல்வார் இல்லையென்றால், எழுதுவோம்."

மூன்று ஞாயிறு அறிவிப்பதென்றால் உபதேசியாருக்குத் தெரிந்தது ஒரே மாதிரிதான். கலியாண ஓலை.

கலியாணம் நிச்சயமானால் எங்கள் கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் சேரப் போகிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று. அடுத்த ஞாயிறு உபதேசியார் எழுந்து, தொண்டையைச் செருமி, அதே ராகத்தில் ஆரம்பித்தார்:

"இந்தப் பங்கைச் சேர்ந்த மாசிலாமணிக்கும் அம்மணிக்கும் பிறந்த குமாரத்தி இருதயமேரி, தெற்கத்திக் காலேஜை விட்டு நீங்கி, பட்டணத்துப் பெண்கள் காலேஜில் பிரவேசிக்க மனதாயிருக்கிறாள். இதற்கு யாதொரு விக்கினம் உண்டென்று அறிந்தவர்கள் குருவானவரிடத்தில் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இது முதல் ஓலை."

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்றார்கள். இருதயமேரி தலையைக் குனிந்தபடி, நிஜமாகவே ஓலை வாசிக்கப்பட்ட பெண்போல முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் வெயில் ஒரு மாதிரியாக இருந்தது. பகல் முழுக்க தண்டவாளத்துக்கு மேலே காற்று தண்ணீர்போல நெளிந்தது. ஊரே அரைக்கண் மூடிக்கொண்டு நடமாடியது. அப்போதுதான் கனவுகள் ஆரம்பித்தன. யார் முதலில் கண்டார்கள் என்று சொல்ல முடியவில்லை. காலையில் மண்டிக்கு வருகிறவர்கள் கூடையை இறக்கும் முன்னே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

மூட்டை தூக்கும் விருத்தாசலம் கனவில் இருதயமேரி அவன் நெஞ்சில் ரப்பர்க் குழாயை வைத்தாளாம். "உள்ள இன்னா கேக்குது பாப்பான்னேன். மரக்காணத்துக் கடலு கேக்குது மாமான்னுச்சு. நான் கடல் பக்கம் போனதே இல்ல ரைட்டரே. என் உள்ள எப்படிப் பூந்துது?" அம்மணியம்மாள் கனவில் மகள் கட்டியிருந்த புடவைக்கு முடிவே இல்லை. தண்டவாளத்தின்மேல் பட்டணம் வரைக்கும் கிடந்தது. தாய் திண்டிவனத்தில் உட்கார்ந்து மடித்துக்கொண்டே இருந்தாள், மடிக்க மடிக்க வந்துகொண்டே இருந்தது.

எனக்கும் வந்தது. விழுப்புரம் ஜங்ஷன், ஒவ்வொரு பிளாட்பாரத்திலும் ஒரு வண்டி. சத்தம் இல்லை, புகை மட்டும். வண்டிகளின் நெற்றியில் ஊர்ப்பெயர்களுக்குப் பதில் பாடங்களின் பெயர்கள். இருதயமேரி தகரப் பெட்டியோடு நின்று, "இதுல எதுண்ணே?" என்று கேட்கிறாள். நான் கண்ணாடியைத் துடைக்கிறேன். துடைக்கத் துடைக்க எழுத்து மங்குகிறது.

சின்னப் பிள்ளையிலிருந்தே அவள் அப்படித்தான் கேட்பாள். கோவிலில் திருஇருதயப் படம் மாட்டியிருக்கிறது; மார்புக்கு நடுவில், வெளியே, தீ எரிகிற இருதயம். ஏழெட்டு வயதில் அந்தப் படத்தடியில் நின்று, "நடுவுல இல்ல, கொஞ்சம் இந்தாண்ட இருக்குது" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். "எங்க நைனா மேல காது வச்சுக்கினு தூங்குவேனே" என்றாள்.

அந்த நைனாவுக்குச் சங்கதி கோணலாகப் போய்ச் சேர்ந்தது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போன எவனோ, இருதயமேரிக்கு ஓலை வாசித்தாயிற்று என்று லோகோ ஷெட்டில் சொல்லிவிட்டான். கெடார் என்கிற ஊரில் ஒரு வீட்டில் அவளைப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதால் அதுவும் சேர்ந்துகொண்டது. மாசிலாமணி ஆத்திரத்தில் இரண்டாம் ஓலைக்கும் வரவில்லை. ஆள் அனுப்பினோம், பதில் இல்லை. தகப்பன் வாயால் சம்மதம் இல்லாமல் கடிதம் எழுத மாட்டேன் என்றார் சாமியார். அதனால் அடுத்த சனிக்கிழமை இருதயமேரியை அழைத்துக்கொண்டு நானே பாசஞ்சரில் விழுப்புரம் போனேன்.

ஷெட்டுக்குள் எல்லாம் கரியும் நீராவியும். ஒரு என்ஜின் மூச்சு விட்டால் எதிரில் நிற்பவர் மறைவார், மறுபடி தெரிவார். அப்படி ஒருதரம் மறைந்து தெரிந்தபோது மாசிலாமணி எங்கள் எதிரில் நின்றார். கண் வெள்ளை மட்டும் பளிச்சென்று இருந்தது.

"பெத்தவன ஒரு வார்த்த கேக்காம ஓலை போட்டுட்டீங்களாடா?" என்றார் என்னிடம். மகளைப் பார்க்கவில்லை. "மாப்பிள்ள எந்த ஊரு? கெடாரா?"

"பட்டணம், நைனா" என்றாள் இருதயமேரி.

"பட்டணத்துல எவன்?"

"காலேஜு."

மாசிலாமணி கையிலிருந்த மண்வெட்டியைக் கரிக்குவியலில் சாய்த்தார். நான் நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன், உபதேசியார் வாசித்த வாசகத்தை அப்படியே சொன்னேன். பக்கத்தில் என்ஜின் துடைத்துக்கொண்டிருந்த மாரியப்பன் என்கிறவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "மாசிலா, உன் மாப்பிள்ளைக்கு எத்தினி மாடிடா! வருசத்துக்கு ஒரு தபா வேட்டி எடுத்துக் குடுக்கணும்னா பேஜாருதான்!"

மாசிலாமணிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மறுபடி முதல் வருஷம் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. குவியலின் ஓரம் உட்கார்ந்தார்.

"தப்பான வண்டியில ஏத்தி விட்டுட்டோம்."

"தப்பு இல்ல நைனா. தெரியல."

"தெனம் பாக்கறேம்மா இங்க. பட்டணம் போறவன் பாண்டிச்சேரி வண்டியில ஏறி உக்காந்துக்கினு இருப்பான். வண்டி பொறப்பட்டதும் தெரிஞ்சுடும். சில பேரு நாலு பேரு சிரிப்பாங்கன்னு வெக்கப்பட்டுக்கினு எறங்காமயே பூடுவாங்க." மகளை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "நீ எறங்குறியா?"

"எறங்கிட்டேன் நைனா. பெட்டியையும் எறக்கிட்டேன்."

அவர் எழுந்து கை கழுவப் போனார். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு எங்களோடேயே சாயங்கால வண்டியில் கிளம்பினார்.

அந்தப் பயணம் எனக்குக் கனவில் நடந்ததுபோலத்தான் நினைவிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே மல்லாட்டைக் கொல்லைகள், பனைகள், ஏரியில் மீதியிருந்த கொஞ்சம் தண்ணீர், அதில் மீதியிருந்த கொஞ்சம் வெளிச்சம். இருதயமேரி தகப்பன் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். கரி அவள் கன்னத்தில் ஒட்டியது.

"வண்டி சத்தத்துல கேக்குதா?" என்றார் அவர்.

"ரெண்டும் கேக்குது. வண்டி ஜல்தியாப் போவுது. இது மெதுவாப் போவுது."

மறுநாள் மூன்றாம் ஓலை. உட்கார்ந்திருந்தவர்கள் முன்போலவே, ஆண்கள் பக்கத்தில் மாசிலாமணி ஒருவர் கூடுதல். பூமாலை மட்டும் தூணில் சாயவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் மண்டியில் யாரையும் கேலி செய்யவில்லை. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

"யாதொரு விக்கினம் உண்டென்று அறிந்தவர்கள்" என்று உபதேசியார் வாசித்து, "இது மூன்றாம் ஓலை" என்று முடிப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"எனக்கு ஒண்ணு தெரியும்."

உபதேசியார் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். அவர் வாசித்த எந்த ஓலைக்கும் அதுவரை யாரும் எழுந்ததில்லை. அடுத்து என்ன வாசிப்பதென்று அதில் எழுதியிருக்கவில்லை.

"இன்னா பூமாலை, வெளாட்டா?" என்றார்.

"வெளாட்டு இல்லீங்க. கனவு கண்டேன்."

"எல்லாரும்தான் கனவு காணுறோம். கனவு விக்கினம் ஆவாது. குந்து."

சாமியார் கையைத் தூக்கினார். "அறிந்தவர்கள் சொல்லட்டும் என்று மூன்று ஞாயிறு கேட்டோம். இவள் அறிந்ததைச் சொல்லட்டும்."

பூமாலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பெரிய ஆஸ்பத்திரி சாமி. உப்பளத்துல குமிச்ச உப்பு மாதிரி வெள்ளை. அதுக்குள்ள நான் உக்காந்துக்கினு இருக்கறேன். இது வருது. வெள்ளக் கோட்டு, காலுல செருப்பு. வந்து என்னெப் பாத்து, உன் பேரு இன்னாம்மான்னு கேக்குது." இருதயமேரியைக் கையால் காட்டினாள். "என் மடியில உக்காந்து மல்லாட்ட தின்ன பொண்ணு. என் பேரு கேக்குது. சொல்லலாம்னு வாயத் தொறக்கறேன், பேரு வரல. முழிச்சுக்கினேன். அன்னியிலேருந்து பானையில புடி போட கை வரல. இங்க இருக்கற அத்தினி பேரையும் இது அங்க போய் மறந்துடும் சாமி. அதான் எனக்குத் தெரிஞ்ச விக்கினம்."

கிழக்குப் பக்கத்தில் சில தலைகள் மெல்ல ஆடின. அவள் சொன்னது மற்றவர்களுக்கும் உள்ளே எங்கேயோ இருந்தது. அம்மணியம்மாள் கண்ணைத் துடைத்தாள். நான் பேனாவைக் கீழே வைத்தேன். அன்றைக்கே தபால் போனால்தான் கெடுவுக்குள் பட்டணம் போய்ச் சேரும். தெருவில் ஒருத்தி கை ஓய்ந்தாலும் மற்ற கைகளும் ஓயும் என்பது எனக்குத் தெரியும்.

"பதில் சொல்ல வேண்டியவள் சொல்லட்டும்" என்றார் சாமியார்.

இருதயமேரி தாயின் முந்தானையை விட்டுவிட்டு எழுந்தாள். மறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நடந்து போய்ப் பூமாலைக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டாள். பூமாலையும் தானாக உட்கார்ந்தாள்.

"அத்தே, கனவுல நான் எங்க நின்னுக்கினு கேட்டேன்?"

"எதுத்தாப்புல."

"தூரவா?"

பூமாலை கண்ணை மூடினாள். கனவுக்குள் திரும்பிப் போய்ப் பார்க்கிறவள்போல முகம் மாறியது. "தூர இல்ல. கிட்டக்க. உன் மூச்சு மேல படுது."

"என் கை எங்க இருந்துச்சு?"

பூமாலை கண் மூடியபடியே இடது கையை மடியிலிருந்து தூக்கினாள். மல்லாட்டை உடைக்கிற மிஷினில் இரண்டு விரல் நசுங்கிய கை அது.

"இதும்மேல. இந்த வெரலு மேல."

அந்தக் கை நசுங்கிய அன்று நான்தான் அவளை வண்டியில் வைத்து வேறொரு ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் கதவண்டை நின்று பார்த்தார். தொட்டுப் பார்க்கவில்லை. கம்பவுண்டர் துணிச்சுருளை மேலே படாமல் போட்டார், நான்தான் சுற்றிவிட்டேன். திரும்பும் வழியில், ஆஸ்பத்திரிச் சீட்டில் இன்னா எழுதியிருக்குது ரைட்டரே என்று கேட்டாள். படித்துச் சொன்னேன்: மண்டிக் கூலி, பெண், ஒன்று.

பூமாலை கண்ணைத் திறந்தாள். அவளுக்கும் அதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். என் பக்கம் ஒருதரம் பார்த்தாள்.

"அங்க யாரும் பேரு கேக்கலியே" என்றாள், யாருக்கோ சொல்வதுபோல. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

இருதயமேரி அந்த இரண்டு விரல்களையும் தன் கையில் எடுத்துக்கொண்டாள். மெதுவாக, மேலும் கீழும் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"உன் பேரு இன்னாம்மா?"

"பூமாலை" என்றாள் அவள். அடுத்த நிமிஷம் பழைய பூமாலை திரும்பி வந்துவிட்டாள். "ஊரு பிரம்மதேசம். புருசன் பேரும் வேணுமா, டாக்டரம்மா? அந்தாளு பேரச் சொல்ல மாட்டேன், நீயே எழுதிக்கோ!"

கோவில் முழுக்கச் சிரிப்பு எழும்பியது. மாசிலாமணி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தில் போட்டுக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை.

"உபதேசியாரே, விக்கினம் இல்லன்னு போட்டுக்கோங்க" என்றாள் பூமாலை. "இன்னொரு தபா அந்தக் கனவு வரட்டும். வாய் நெறையச் சொல்லிட்டுத்தான் முழிப்பேன்."

சாமியார் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் அங்கேயே உட்கார்ந்து கடிதத்தை எழுதினேன். தேதி, விலாசம், பொருள், அப்புறம் விஷயம். இந்தப் பெண் படிப்பு முடிக்கும்வரை பங்கு தாங்கும் என்றும், மறுபடி முதல் வருஷத்திலிருந்து தொடங்கச் சம்மதம் என்றும் எழுதி, கீழே சாமியார் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே மாசிலாமணி தமிழில், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, தன் பெயரை எழுதினார். கையில் இருந்த கரி ஓரத்தில் லேசாகப் பட்டது. வேறு காகிதத்தில் எழுதட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள் இருதயமேரி.

உறையில் போட்டு ஒட்டப் பார்த்தால் வெயிலில் பசை காய்ந்து உதிர்ந்திருந்தது. நாக்கில் தடவினாலும் ஒட்டவில்லை.

"இரு, இரு" என்று பூமாலை எதிர்வீட்டுக்கு ஓடினாள். கொட்டாங்கச்சியில் கேப்பைக் கூழ் கொஞ்சம் கொண்டுவந்தாள். நசுங்கிய விரலாலேயே தொட்டு, உறையின் மடிப்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினாள். இருதயமேரி மடித்து அழுத்தினாள். ஓரத்தில் செந்தவிட்டு நிறத்தில் ஒரு கோடு பிதுங்கி நின்றது. ஊதி ஊதிக் காயவைத்தோம்.

சாயங்காலம் பட்டணம் போகிற வண்டி திண்டிவனத்தில் நின்றபோது, அதன் தபால் டப்பாவில் கடிதம் போடுகிற வாய்க்கு அவள் கை எட்டியது. ஆனாலும் மாசிலாமணி அவள் முழங்கையைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தார். உள்ளே விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. கார்டு விசில் ஊதினார், வண்டி நகர்ந்தது.